போலந்து தேசம் உருவான விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்து என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஹிட்லரின் படையெடுப்பு, ஆஷ்விட்ஸ், போப் இரண்டாம் ஜான் பால், தொழிற்சங்கத் தலைவர் லேக் வலேசா. இவற்றுக்குப் பின்னால், ஒரு மக்கள் கூட்டம் தன்னை ஒரே தேசமாக எப்படி நினைக்கத் தொடங்கியது என்ற நெடிய கதை இருக்கிறது. தமிழில் அதைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு இங்கே பதில் சொல்கிறேன். என் பார்வையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடந்த இருநூறு ஆண்டுகளில் போலந்து தேசம் பிரபுக்களிடமிருந்து குடியானவர்களுக்குக் கதவைத் திறந்தது. அதே காலத்தில் பிற மொழிக்காரர்களுக்கும் பிற மதத்தவருக்கும் அந்தக் கதவு மெல்ல மெல்லச் சாத்தப்பட்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் அந்த வரலாறு பிடிபடாது.

போலந்து என்ற நாடு உண்மையிலேயே வரைபடத்தில் இல்லாமல் போனதா?

ஆம். 1772, 1793, 1795 என மூன்று தவணைகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்குபோட்டு விழுங்கின. அதன்பின் 1918 வரை, 123 ஆண்டுகள் சுதந்திர போலந்து கிடையாது. இடையில் நெப்போலியன் 1807இல் வார்சா குறுநாடு ஒன்றை உருவாக்கினார். அவர் வீழ்ந்தபின் 1815இல் 'போலந்து முடியரசு' என்ற பெயரில் ஒன்று வந்தது. அதற்கு மன்னர் ரஷ்ய ஜார்தான்.

பங்கு போடப்படுவதற்கு முன் 'போலந்து தேசம்' என்றால் யார்?

பிரபு வம்சத்தார். 'ஷ்லாஹ்தா' என்று அவர்களுக்குப் பெயர். 1569இல் லுப்ளின் ஒப்பந்தத்தின் மூலம் போலந்தும் லித்துவேனியாவும் இணைந்து ஒரு பெரிய குடியரசாயின. அரசரைத் தேர்ந்தெடுப்பது, நாடாளுமன்றத்தில் உட்காருவது, தனி ஒருவராக எழுந்து மறுப்புச் சொல்லி ஒரு கூட்டத்தொடரையே கலைப்பது ஆகிய உரிமைகள் எல்லாம் இவர்களுக்கு மட்டும். மக்கள்தொகையில் இவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அன்றைய ஐரோப்பாவில் அரசியல் உரிமை பெற்ற வர்க்கம் இவ்வளவு பெரிதாக இருந்த நாடுகள் மிகக் குறைவு.

அந்தப் பிரபுக்களில் ருத்தேனிய மொழி (இன்றைய உக்ரேனிய, பெலாரூசிய மொழிகளின் முன்னோடி) பேசிய குடும்பங்கள் உண்டு. லித்துவேனிய வம்சங்கள் உண்டு. கால்வினியப் புராட்டஸ்டண்டுகளும் கிழக்கு மரபுவழிக் கிறிஸ்தவர்களும் உண்டு. பிறப்பும் உரிமையும்தான் அவர்களை இணைத்தன. மொழி பிற்பாடுதான். பண்டைய சர்மேஷியர் என்ற போர்க்குலத்தின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று அவர்கள் நம்பினார்கள். தங்கள் வயலில் உழுத குடியானவரை அந்த வம்சத்தில் அவர்கள் சேர்க்கவில்லை. குடியானவர் பண்ணையடிமை. வாரத்தில் பல நாள் கூலியின்றிப் பண்ணையாரின் நிலத்தில் உழைக்க வேண்டியவர்.

1791 அரசியல் சட்டத்தை ஏன் இன்றும் கொண்டாடுகிறார்கள்?

ஐரோப்பாவின் முதல் நவீன எழுத்துபூர்வ அரசியல் சட்டம் அது. மே 3 அன்று நிறைவேறியது. ஒற்றை ஆள் மறுப்பு உரிமையை ஒழித்தது, நகரவாசிகளுக்கு உரிமைகள் தந்தது. குடியானவர்களைச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் கொண்டுவருவதாகச் சொன்னது, ஆனால் விடுதலை கொடுக்கவில்லை. மறு ஆண்டே ரஷ்யப் படை உள்ளே வந்தது, சட்டம் செத்தது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் மே 3 விடுமுறை ரத்தானது. 1990இல் திரும்பி வந்தது.

1794இல் ததேயுஷ் கொஷ்ச்யுஷ்கோ நடத்திய எழுச்சி ஒரு படி மேலே போனது. ரட்ஸ்வாவிட்சே என்ற இடத்தில், அரிவாளை நிமிர்த்திக் கம்பில் கட்டிக்கொண்டு வந்த குடியானவர் படை ரஷ்ய பீரங்கிகள்மீது பாய்ந்து அவற்றைப் பிடித்தது. பார்தோஷ் குவோவாட்ஸ்கி என்ற குடியானவர் தன் தொப்பியைக் கழற்றி பீரங்கித் திரியை அணைத்தார் என்று இன்றும் சொல்கிறார்கள். அடுத்த மாதமே பொவானியெட்ஸ் பிரகடனம் பண்ணை உழைப்பைக் குறைத்தது. ஆனால் எழுச்சி அவ்வாண்டே அடக்கப்பட்டது.

குடியானவர்கள் தங்களைப் போலந்துக்காரர்களாக நினைத்தார்களா?

நெடுங்காலம் இல்லை. தேசபக்திக் கதைகள் தொட மறுக்கும் இடம் இது. எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான்.

1846ஐ எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரியா ஆண்ட கலீசியா பகுதியில் பிரபுக்கள் சுதந்திர எழுச்சிக்குத் திட்டமிட்டார்கள். டார்னூவ் நகரைச் சுற்றியிருந்த குடியானவர்கள் ஆஸ்திரியாவுக்கு எதிராகக் கிளம்பவில்லை. பண்ணை வீடுகள்மீதே பாய்ந்தார்கள். சில நாட்களில் சுமார் ஆயிரம் பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், நூற்றுக்கணக்கான பண்ணை வீடுகள் சூறையாடப்பட்டன. யாக்குப் ஷேலா என்ற குடியானவர் இந்தக் கலகத்தின் முகமானார். அவருக்கும் அவருடைய பண்ணையார் குடும்பத்துக்கும் நெடுநாள் வழக்கு இருந்தது. ஆஸ்திரிய அதிகாரிகள் தூண்டிவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் தூண்டிவிட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு அங்கே தலைமுறை தலைமுறையாக வன்மம் சேர்ந்திருந்தது. அந்தக் குடியானவர்களுக்குப் 'போலந்துக்காரர்' என்றால் சவுக்கு வைத்திருக்கும் பண்ணையார். தங்களை அவர்கள் பேரரசரின் ஆட்களாகவே சொல்லிக்கொண்டார்கள்.

அடிமைத்தனம் ஒழிந்த விதமும் சுதந்திரப் போராளிகளுக்கு உதவவில்லை. ஆஸ்திரியாவில் 1848இல் பேரரசர் விடுதலை தந்தார். ரஷ்யப் பகுதியில் 1863 ஜனவரி எழுச்சியின் தலைமறைவு அரசு, தொடங்கிய அன்றே நிலம் குடியானவருக்கே என்று அறிவித்தது. மறு ஆண்டு ஜார் அதே நிலத்தைத் தன் ஆணையால் கொடுத்து நல்ல பெயரைத் தட்டிக்கொண்டுபோனார்.

பிறகு எப்படி மாறியது? பள்ளிக்கூடம், செய்தித்தாள், கூட்டுறவுச் சங்கம், தேர்தல். கலீசியாவின் ஜிகூவ் கிராமத்தில் பல பத்தாண்டுகள் ஊர்த்தலைவராக இருந்த யான் ஸ்வோம்கா தன் நினைவுக்குறிப்புகளில் வெளிப்படையாகச் சொல்கிறார்: புத்தகமும் பத்திரிகையும் படிக்கத் தொடங்கும்வரை தான் போலந்துக்காரர் என்பதே தனக்குத் தெரியாது, மற்ற கிராமத்தாரும் அப்படித்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள் என்று. 1895இல் குடியானவர்களுக்கென்றே ஒரு மக்கள் கட்சி ஷெஷூவ் நகரில் உருவானது. அந்த இயக்கத்திலிருந்து வந்த வின்சென்டி விட்டோஸ், 1920இல் சோவியத் ரஷ்யாவின் செம்படை வார்சாவை நெருங்கிக்கொண்டிருந்தபோது பிரதமரானார். டை கட்ட மறுத்து, முழங்கால் பூட்ஸுடன் அமைச்சரவைக் கூட்டத்துக்கு வந்தவர் அவர். பாட்டன் காலத்தில் பண்ணையாரின் நிலத்தில் கட்டாய உழைப்பு, பேரன் காலத்தில் பிரதமர் நாற்காலி. அந்தப் போரில் சிப்பாய்களாக நின்றவர்களில் பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள்.

அரசே இல்லாத காலத்தில் மொழியும் பண்பாடும் எப்படித் தப்பின?

முதலில் இலக்கியம். 1830-31 நவம்பர் எழுச்சி தோற்றபின் ஆயிரக்கணக்கானோர் பாரிஸுக்கு ஓடினார்கள். கவிஞர் ஆதாம் மிட்ஸ்கியேவிச் அங்கிருந்துதான் எழுதினார். போலந்தின் துன்பம் உலகத்தின் மீட்புக்கான சிலுவை என்ற எண்ணத்தை இலக்கியத்தில் ஆழமாக ஊன்றியவர் அவரே. தோற்ற மக்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. நாங்கள் எப்போதும் பலியானவர்களே என்ற மனப்பழக்கத்தையும் அது விட்டுச்சென்றது என்பது என் கருத்து.

அடுத்தது வீடு. 1863 எழுச்சிக்குப்பின் ரஷ்யப் பகுதியில் பள்ளிகள் ரஷ்ய மொழிக்கு மாறின, நாட்டின் பெயரையே அதிகாரிகள் 'விஸ்துலா பிரதேசம்' என்று எழுதத் தொடங்கினார்கள். பெண்கள் கறுப்பு உடையும் கறுப்பு நகையும் அணிந்து துக்கம் காத்தார்கள், அதற்கும் அபராதம் விதிக்கப்பட்டது. பிள்ளைகளுக்குப் போலிஷ் வரலாறு கற்றுத்தந்தது பெரும்பாலும் அம்மாக்களும் பாட்டிகளும். 1880களில் வார்சாவில் 'பறக்கும் பல்கலைக்கழகம்' தொடங்கியது. போலீஸ் மோப்பம் பிடிக்காதபடி வீடு மாற்றி வீடு ரகசிய வகுப்புகள். பெண்களுக்குப் பல்கலைக்கழகம் மூடியிருந்த காலத்தில் அதில் படித்தவர்களில் ஒருவர் மரியா ஸ்க்வோடோவ்ஸ்கா. நாம் மேரி கியூரி என்கிறோம். 1898இல் தான் கண்டுபிடித்த தனிமத்துக்கு, வரைபடத்தில் இல்லாத தன் நாட்டின் நினைவாகப் 'பொலோனியம்' என்று அவர் பெயரிட்டார்.

மூன்றாவது, கலீசியா. 1860களிலிருந்து அங்கே தன்னாட்சி இருந்தது. கிராக்கோவிலும் லுவூஃபிலும் (இன்று உக்ரைனில் உள்ள லிவிவ்) பல்கலைக்கழகங்கள் போலிஷ் மொழியில் நடந்தன.

ஜெர்மனி ஆண்ட பகுதியில் என்ன நடந்தது?

பிரஷ்யா விழுங்கிய பகுதி இது; பின்னர் பிரஷ்யாவின் தலைமையில்தான் ஜெர்மனி உருவானது. அங்கே போராட்டம் வேறு மாதிரி. ஆயுத எழுச்சியைவிட வங்கி, நிலம், பள்ளி ஆகியவற்றில் மோதல். போஸ்னான் பகுதியில் மருத்துவர் கரோல் மார்சின்கோவ்ஸ்கி 1841இல் ஏழை மாணவர்களுக்குக் கல்வி உதவிச் சங்கம் தொடங்கினார். பிறகு பாதிரியார்கள் தலைமையில் கடன் கூட்டுறவுச் சங்கங்கள் பெருகின. பிஸ்மார்க் அரசு 1886இல் குடியேற்ற ஆணையம் அமைத்து, போலிஷ் நிலங்களை வாங்கி ஜெர்மானியர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்குப் போட்டியாக நிலம் வாங்க இந்தக் கூட்டுறவுப் பணம்தான் கைகொடுத்தது.

1901இல் வ்ஷெஷ்னியா என்ற சிறு நகரத்தில் மதபோதனை வகுப்பை ஜெர்மன் மொழியில் நடத்தச் சொன்னார்கள். ஜெர்மன் பாடப்புத்தகத்தைத் தொடவும் ஜெர்மனில் ஜெபம் சொல்லவும் பிள்ளைகள் மறுத்தார்கள். ஆசிரியர்கள் அடித்தார்கள். அழுகை கேட்டு ஓடிவந்த பெற்றோர்மீதே வழக்குப் பாய்ந்தது, பலர் சிறை சென்றார்கள். 1906-07இல் இதே காரணத்துக்காகப் பல்லாயிரம் பிள்ளைகள் பள்ளி வேலைநிறுத்தம் செய்தார்கள்.

மிஹாவ் ஜிமாவா என்ற விவசாயி ஒரு துண்டு நிலம் வாங்கினார். வீடு கட்ட அனுமதி மறுக்கப்பட்டது. சர்க்கஸ்காரர்களின் சக்கர வண்டி ஒன்றை வாங்கி அந்த நிலத்தில் நிறுத்தி, அதிலேயே குடியிருந்தார். சக்கரம் உள்ளது வீடு ஆகாது என்பது அவர் வாதம். அடுப்பு, புகைபோக்கி என ஒவ்வொன்றையும் காரணம் காட்டி அதிகாரிகள் அபராதம் போட்டார்கள், அவர் வழக்காடிக்கொண்டே இருந்தார். ஐரோப்பியப் பத்திரிகைகள் எல்லாம் அதை எழுதின. பிரபு வம்சத்தில் பிறக்காத ஒருவர் தேச நாயகனானது எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதி.

எழுச்சிகள் எல்லாமே தோற்றனவே, அவற்றால் பயன் உண்டா?

போலந்துக்காரர்களே நூற்றைம்பது ஆண்டுகளாக வாதாடும் கேள்வி. ஒவ்வொரு தோல்விக்கும் தூக்குமேடை, சைபீரியா, சொத்துப் பறிமுதல் என்று விலை கொடுத்தார்கள். 1863க்குப் பிறகு வந்த தலைமுறை, சாகிறதைவிடச் சாலை போடுவதும் பள்ளி கட்டுவதும் மேல் என்றது. ஆனால் தியாகிகளின் கதைகள் இல்லையென்றால் அந்தப் பள்ளிகளில் எதைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்ற கேள்வியும் நியாயமானதே. நான் பள்ளி கட்டியவர்கள் பக்கம்.

பில்சுட்ஸ்கிக்கும் ட்மோவ்ஸ்கிக்கும் என்ன வேறுபாடு?

யூசெஃப் பில்சுட்ஸ்கி இன்றைய லித்துவேனியத் தலைநகர் வில்னியூஸுக்கு அருகே பிறந்த சோஷலிஸ்ட், ரஷ்யாவை முதல் எதிரியாகக் கண்டவர். லித்துவேனியர், உக்ரேனியர், பெலாரூசியர் எல்லோரையும் உள்ளடக்கிய கூட்டமைப்பை அவர் கனவு கண்டார். ரோமான் ட்மோவ்ஸ்கி தேசிய ஜனநாயக இயக்கத்தின் தலைவர், ஜெர்மனியை முதல் எதிரியாகக் கண்டவர். போலிஷ் மொழி பேசும் கத்தோலிக்கரே தேசம், மற்றவர்கள் கரைய வேண்டும் அல்லது விலக வேண்டும் என்பது அவர் வழி. யூதர்களை அவர் எதிரியாகவே சித்திரித்தார். குடியானவரைத் தேசத்துக்குள் சேர்ப்பதில் ட்மோவ்ஸ்கியின் இயக்கம் தீவிரமாக உழைத்தது. கதவைத் திறந்த கையும் சாத்திய கையும் ஒன்றாக இருந்ததை இங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

பில்சுட்ஸ்கியின் கனவும் பலிக்கவில்லை. லித்துவேனியர்களுக்கும் உக்ரேனியர்களுக்கும் சொந்த தேசக் கனவுகள் இருந்தன. 1920இல் போலிஷ் படை வில்னியூஸைப் பிடித்தபின் அவர்மீது லித்துவேனியாவுக்கு நம்பிக்கை போயிற்று.

எல்லைப் பகுதிக் குடும்பங்கள் எந்த தேசம் என்று எப்படி முடிவுசெய்தன?

சில வீடுகளில் அண்ணன் ஒரு தேசம், தம்பி ஒரு தேசம். கப்ரியேல் நருடோவிச் போலந்தின் முதல் குடியரசுத் தலைவர். அவருடைய அண்ணன் ஸ்தனிஸ்வாவ் 1918இல் லித்துவேனியச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். ஆந்திரே ஷெப்திட்ஸ்கி உக்ரேனியர்களின் கிரேக்கக் கத்தோலிக்கப் பேராயர். அவருடைய தம்பி ஸ்தனிஸ்வாவ் போலந்துப் படைத் தளபதி.

1918இல் மூன்று துண்டுகளையும் எப்படி ஒட்டினார்கள்?

மிகுந்த சிரமத்துடன். மூன்று பேரரசுகளின் சட்டங்கள், பல நாணயங்கள், இருவேறு ரயில் பாதை அகலங்கள். வார்சாவிலிருந்து போஸ்னானுக்கு நேராகப் போகப் புதிதாகத் தண்டவாளம் போட வேண்டியிருந்தது. ஸ்வோட்டி நாணயம் 1924இல் வந்தது. பெண்களுக்கு 1918 நவம்பரிலேயே வாக்குரிமை கிடைத்தது.

மனிதர்களை இணைப்பதுதான் கடினமாக இருந்தது. 1931 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 3.2 கோடி, அதில் போலிஷ் தாய்மொழி என்று பதிவானவர்கள் 69 சதவீதம். பொலேசியா சதுப்பு நிலப் பகுதியில் சுமார் 7 லட்சம் பேர் எந்த தேசத்து மொழியையும் சொல்லாமல் 'இந்த ஊர்ப் பேச்சு' என்றே பதிவானார்கள்.

1922 டிசம்பரில் நருடோவிச் தேர்வானது இடதுசாரிகள், குடியானவர் கட்சியினர், சிறுபான்மையினர் ஆகியோரின் வாக்குகளால். போலந்துக்காரர்கள் தேர்ந்தெடுக்காத தலைவர் என்று வலதுசாரிகள் வெறுப்பைக் கிளப்பினார்கள். பதவியேற்ற ஐந்தாம் நாள், ஓர் ஓவியக் கண்காட்சியில் தேசியவாதி ஒருவர் அவரைச் சுட்டுக்கொன்றார். சிறுபான்மையினரின் வாக்கும் குடிமக்களின் வாக்குதான் என்பதை ஏற்க மறுத்ததன் முதல் பலி அந்த நல்ல மனிதர்.

'போலந்துக்காரர் என்றால் கத்தோலிக்கர்' என்பது எப்போது வந்தது?

நினைப்பதைவிடப் பிந்தி. பழைய குடியரசில் பல மதங்கள் இருந்தன. ரஷ்யர்கள் மரபுவழித் திருச்சபை, பிரஷ்யர்கள் புராட்டஸ்டண்ட் என்றானபோது, கத்தோலிக்கக் கோயில் போலிஷ் மொழியின் புகலிடமானது. ஆனால் கத்தோலிக்க ஆஸ்திரியாவின்கீழ் இந்தச் சமன்பாடு அவ்வளவு எளிதாகப் பொருந்தவில்லை.

கம்யூனிஸ்ட் காலத்தில் அது இறுகியது. 966இல் ஆட்சியாளர் முதலாம் மியெஷ்கோ ஞானஸ்நானம் பெற்றதன் ஆயிரமாவது ஆண்டு 1966இல் வந்தது. செஸ்டோஹோவா மடத்தில் உள்ள கறுப்பு மாதா ஓவியத்தின் பிரதிப் படம் ஊர் ஊராகப் பவனி வந்துகொண்டிருந்தது. அரசு அதைப் பிடித்து மடத்துக்குள் அடைத்தது. திருச்சபை பவனியை நிறுத்தவில்லை. படம் இல்லாத வெறும் படச்சட்டத்தையும் ஒரு மெழுகுவர்த்தியையும் ஊர்வலமாக எடுத்துச்சென்றார்கள், மக்கள் அந்த வெற்றுப் படச்சட்டத்தின் முன் மண்டியிட்டார்கள். 1972 வரை இது தொடர்ந்தது. 1978இல் கிராக்கோவின் கர்தினால் இரண்டாம் ஜான் பால் என்ற பெயரில் போப் ஆனார், 1980இல் சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தில் சுமார் ஒரு கோடிப் பேர் சேர்ந்தார்கள். க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தின் கதவில் போப்பின் படம் தொங்கியது.

யூதர்களுக்கு இந்த தேசத்தில் என்ன இடம் இருந்தது?

1939இல் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள், பத்தில் ஒருவர். 1794 எழுச்சியில் பெரெக் யோசெலேவிச் யூதக் குதிரைப்படையே திரட்டினார். 1930களிலோ பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களைத் தனி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். நாஜிகள் சுமார் 30 லட்சம் போலந்து யூதர்களைக் கொன்றார்கள். கொலைத் திட்டம் ஜெர்மனியுடையது, உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய போலந்துக்காரர்களும் உண்டு. அதோடு, 1941 ஜூலையில் யெட்வாப்னே ஊரில் அண்டைவீட்டுப் போலந்துக்காரர்களே யூதர்களைக் களஞ்சியத்தில் அடைத்து எரித்தார்கள். 2001இல் குடியரசுத் தலைவர் க்வாஷ்னியேவ்ஸ்கி அதற்காக மன்னிப்புக் கேட்டார். எஞ்சியிருந்த யூதர்களில் ஆயிரக்கணக்கானோர் 1968இல் அரசு நடத்திய வெறுப்புப் பிரச்சாரத்தால் வெளியேறினார்கள். தேசத்தைக் குறை சொன்னால் துரோகம் என்று இதை மூடிவைக்கிறவர்கள் தங்கள் நாட்டுக்கு நன்மை செய்யவில்லை.

போருக்குப்பின் நாடு மேற்கே நகர்ந்தது என்கிறார்களே?

கிழக்கில் பெரும்பகுதியைச் சோவியத் எடுத்துக்கொண்டது, மேற்கில் ஜெர்மனியின் நிலம் கிடைத்தது. பல லட்சம் ஜெர்மானியர்கள் விரட்டப்பட்டார்கள். 1943இல் வொவினியாவில் உக்ரேனியக் கிளர்ச்சிப் படை பல்லாயிரம் போலந்துக்காரர்களைக் கொன்றிருந்தது. 1947இல் போலந்து அரசு சுமார் 1,40,000 உக்ரேனியர்களையும் கார்பாத்திய மலை மக்களான லெம்கோக்களையும் ஊரைவிட்டுப் பெயர்த்து வடக்கிலும் மேற்கிலும் சிதறவைத்தது. ட்மோவ்ஸ்கி கனவு கண்ட ஒற்றை இன நாட்டை ஹிட்லரின் கொலைகளும் ஸ்டாலினின் எல்லைக்கோடும்தான் உண்டாக்கின.

ஜெர்மன் பிரெஸ்லாவ் நகரம் வ்ரோட்ஸ்வாவ் ஆனது. லுவூஃபிலிருந்து ஏராளமானோர் அங்கே வந்தார்கள். கூடவே ரட்ஸ்வாவிட்சே போரைக் காட்டும் பிரம்மாண்ட வட்ட ஓவியமும் வந்தது. 1894இல் லுவூஃபில் வைக்கப்பட்ட அது 15 மீட்டர் உயரம், 114 மீட்டர் நீளம். ரஷ்யர் தோற்கும் காட்சி என்பதால் கம்யூனிஸ்ட் அரசு அதைப் பிரிக்கவே தயங்கியது. பல பத்தாண்டுகள் சுருட்டியபடி கிடந்து 1985இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது.

இன்றைய சட்டப்படி போலந்து தேசத்தவர் யார்?

1997 அரசியல் சட்ட முன்னுரை, 'போலந்து தேசமாகிய நாம்' என்று சொல்லி, அதைக் குடியரசின் எல்லாக் குடிமக்களும் என்று விளக்குகிறது. கடவுளை நம்புகிறவர்களையும் நம்பாதவர்களையும் சமமாகச் சேர்த்தே சொல்கிறது. ட்மோவ்ஸ்கியின் வரையறைக்கு இதைவிட நேரான பதில் இருக்க முடியாது.

அப்படியானால் சைலீசியர்கள் தனி தேசமா?

சட்டம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. 1921 பொதுவாக்கெடுப்புக்கும் மூன்று எழுச்சிகளுக்கும் பின் போலந்துக்கும் ஜெர்மனிக்கும் இடையே பிரிக்கப்பட்ட நிலக்கரிப் பகுதி மேல் சைலீசியா. 2011 கணக்கெடுப்பில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களைச் சைலீசியர் என்று பதிவுசெய்தார்கள், பலர் போலந்துக்காரர் என்பதையும் சேர்த்தே. 2021இல் அந்த எண்ணிக்கை 6 லட்சத்தை ஒட்டி இருந்தது. பால்டிக் கரையோரத்தின் கஷூபியன் மொழிக்கு 2005 சட்டத்தில் வட்டார மொழித் தகுதி உண்டு. சைலீசியனுக்கு அதே தகுதி தரும் மசோதாவை நாடாளுமன்றம் 2024இல் நிறைவேற்றியும், அன்றைய குடியரசுத் தலைவர் டூடா மறுத்துத் திருப்பியனுப்பினார். அது தனி மொழியல்ல, வட்டார வழக்குதான் என்றார். தன் மொழிக்காக வ்ஷெஷ்னியாவில் அடி வாங்கிய பிள்ளைகளைப் போற்றும் நாடு, சைலீசியாவின் கடோவிட்சே நகரத்துப் பிள்ளைக்குத் தன் வீட்டு மொழியைப் பள்ளியில் படிக்கும் உரிமையைத் தர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.